சிறு செலவில் சிறந்த வாழ்த்தட்டை

ஒரு காலத்தில் தீபாவளிக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே மலேசியத் தமிழர் வீடுகளில் அஞ்சல்காரரின் மோட்டார் சைக்கிள் ஒலிக்காகப் பிள்ளைகள் காத்திருப்பர். வந்து சேரும் வாழ்த்தட்டைகளை நூலில் கோத்துத் தோரணம்போல் வரவேற்பறையில் தொங்க விடுவர். வீட்டுக்கு வருவோரும் யார் அனுப்பியது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று எடுத்துப் பார்ப்பர். இன்று பல வீடுகளில் அந்த நூல் இல்லை. கைப்பேசியில் ஒரே படத்தை ஒரே நொடியில் ஐம்பது பேருக்கு அனுப்பிவிட முடிகிறது. அப்படி வரும் வாழ்த்தை மறுநாள் தேடிப் பார்ப்பவர் அரிது.

கையால் செய்த வாழ்த்தட்டை அப்படிப்பட்டதன்று. ஒருவரை நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து செய்தது என்பதை அது சொல்லாமலே சொல்லிவிடும். கைப்பேசி பயன்படுத்தத் தெரியாத பாட்டி, மாற்றலாகிச் செல்லும் ஆசிரியர், மருத்துவமனையில் இருக்கும் நண்பர் ஆகியோர் அதைப் பல ஆண்டுகள் எடுத்து வைத்திருப்பர்.

இப்படி ஓர் அட்டையைச் செய்து பார்க்க ஆசைப்பட்டுக் கடைக்குச் செல்லும் மாணவர் சிலர் வெறுங்கையோடு திரும்பிவிடுகின்றனர். பூ வடிவில் துளையிடும் கருவி, தாளை அச்சுவடிவில் வெட்டும் இயந்திரம், ரப்பர் முத்திரைகள், பளபளப்பான தாள்கட்டுகள் ஆகியவற்றை எல்லாம் வாங்கினால் பல வாரக் கைச்செலவுப் பணமும் போதாது. ஆனால், இவற்றுள் பெரும்பாலானவை தொடக்க நிலையில் தேவைப்படுவதே இல்லை. தாளின் இயல்பை அறிந்தவருக்கு வீட்டிலும் பள்ளிப்பையிலும் இருப்பவையே போதும்.

விலை உயர்ந்த தொடக்கம்

அச்சிட்டு விற்கப்பட்ட முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை 1843ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. தமக்கு வந்த வாழ்த்துக் கடிதங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மறுமொழி எழுத நேரமில்லாமல் இருந்த ஹென்றி கோல் என்பவர், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு அதை வரையச் செய்தார். ஓர் அட்டையின் விலை ஒரு ஷில்லிங். அப்போது கடிதம் அனுப்ப அஞ்சல் கட்டணம் ஒரு பென்னி மட்டுமே. ஒரு ஷில்லிங் என்பது பன்னிரண்டு பென்னி. அதாவது, அஞ்சல் கட்டணத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு விலை கொடுத்து வாழ்த்தட்டை வாங்க வேண்டியிருந்தது. அச்சுத்தொழில் வளர்ந்த பிறகே சாமானியரும் வாங்கும் விலைக்கு அது இறங்கி வந்தது.

கடையில் வாங்கும் வாழ்த்தட்டைக்கு இப்படி ஒரு விலை வரலாறு உண்டு. கைவினை வாழ்த்தட்டையின் செலவோ, அதைச் செய்பவரின் தேர்வைப் பொறுத்தது.

முதலில் தாளை அறிதல்

வாழ்த்தட்டை செய்ய விரும்புவோர் முதலில் கருவியைத் தேடுவதைவிடத் தாளைப் புரிந்துகொள்வது நல்லது. தாளின் தடிமனை அதன் எடையைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம். தாள்கட்டின் உறையில் அச்சிடப்பட்டிருக்கும் ‘ஜிஎஸ்எம்’ என்னும் எண், ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை உள்ளது என்பதைக் காட்டும். ஒளிநகல் எடுக்கப் பயன்படும் தாள் பெரும்பாலும் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் இருக்கும். வாழ்த்தட்டை வளையாமல் நிமிர்ந்து நிற்க வேண்டுமானால், 160 முதல் 250 ஜிஎஸ்எம் வரையிலான தாள் ஏற்றது. மெல்லிய தாள் மட்டுமே கையில் இருந்தால், இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் காயவைத்துத் தடிமனாக்கலாம்.

அளவும் முக்கியம். ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர்; அகலம் 210 மில்லிமீட்டர். அதை நடுவில் வெட்டினால் இரண்டு ஏ5 தாள்கள் கிடைக்கும். ஓர் ஏ5 தாளை மடித்தால் ஏ6 அளவிலான வாழ்த்தட்டை உருவாகும். எனவே, ஓர் ஏ4 தாளில் இரண்டு எளிய வாழ்த்தட்டைகள் செய்யலாம்; ஒரு துண்டும் வீணாகாது.

தாளுக்கு மரத்தைப்போல் நார் ஓட்டமும் உண்டு. ஆலையில் தாள் உருவாகும்போது அதிலுள்ள நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையிலேயே படிந்துவிடும். நார் ஓட்டத்தின் திசையில் மடித்தால் மடிப்பு நேராகவும் வழவழப்பாகவும் விழும்; குறுக்கே மடித்தால் தடித்த தாள் வெடித்து வெள்ளைக் கீற்றுகள் தெரியும். இதைக் கண்டறிவது எளிது. தாளை மடிக்காமல், முதலில் நீளவாக்கிலும் பிறகு அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் தாள் எதிர்ப்பின்றி வளைகிறதோ அந்தத் திசையில் மடிப்பைப் போட வேண்டும். செய்தித்தாளைக் கிழித்துப் பார்த்தாலும் இது விளங்கும். ஒரு திசையில் நேராகக் கிழியும். மறு திசையில் கோணலாகப் போகும். விலை உயர்ந்த தாளை வாங்கியும் மடிப்புச் சரியாக வரவில்லை என்று வருந்துவோர் பலர், இந்த ஒன்றைக் கவனிக்கத் தவறியவர்களாக இருப்பர்.

கைக்கெட்டிய கருவிகள்

அடிக்கோல், பென்சில், கத்தரிக்கோல், பசை ஆகிய நான்கும் அடிப்படைக் கருவிகள். இவற்றுள் சற்றுக் கூடுதல் பணம் செலவிடத் தக்கது கத்தரிக்கோல் ஒன்றே. மழுங்கிய கத்தரிக்கோல் தாளை வெட்டாமல் மென்றுவிடும். நல்ல கத்தரிக்கோல் ஒன்றை வாங்கித் தாளுக்கு மட்டும் பயன்படுத்தினால் அது பல ஆண்டுகள் உழைக்கும்.

மற்றவற்றுக்கு மாற்று உண்டு. தடித்த தாளை மடிப்பதற்கு முன் அதன்மேல் ஒரு கோடு கீறி அழுத்த வேண்டும். கடையில் இதற்கென்றே கருவிகள் விற்கப்படுகின்றன. மை தீர்ந்த பந்துமுனைப் பேனா அந்த வேலையை நன்றாகவே செய்யும். அடிக்கோலை வைத்து அந்தப் பேனாவால் ஒரு முறை அழுத்தி இழுத்தால், மடிப்பு விழ வேண்டிய இடத்தில் பள்ளம் உண்டாகும். மடித்த பிறகு, கரண்டியின் முதுகால் தேய்த்தால் மடிப்புக் கூர்மையாகும். பழைய கோப்பின் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையில் ஓர் உருவத்தை வெட்டியெடுத்தால், அதைப் பல முறை பயன்படும் வார்ப்புருவாகக் கொள்ளலாம்.

ரப்பர் முத்திரைகளுக்கு மாற்று, சமையலறையில் இருக்கிறது. வெண்டைக்காயைக் குறுக்காக நறுக்கி வண்ணத்தில் தோய்த்துப் பதித்தால், ஐந்து மூலை கொண்ட பூப்போன்ற வடிவம் கிடைக்கும். நரம்புகள் புடைத்த இலையின் அடிப்பக்கத்தில் வண்ணம் தடவித் தாளில் அழுத்தினால், ஒவ்வொரு நரம்பும் தெளிவாகப் பதியும். உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி அதன் முகத்தில் அகல்விளக்கின் உருவத்தைச் செதுக்கலாம். நறுக்கிய காய்களின் ஈரத்தைத் துணியால் ஒற்றிய பிறகே வண்ணத்தில் தோய்க்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவு கலங்கிவிடும்.

வண்ணமும் வீட்டிலேயே கிடைக்கும். மஞ்சள்தூளைக் கரைத்துப் பூசினால் தாள் பொன்னிறம் பெறும். அதில் சிறிது சமையல் சோடாவைக் கலந்தால் நிறம் செம்மையாக மாறும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கும்போது நிகழ்வதும் இதுவே. கருந்தேநீரில் தோய்த்து உலர்த்திய தாள், பழைய ஓலைச்சுவடியைப்போல் பழுப்பேறும். மஞ்சளின் நிறம் வெயில் பட்டால் வெளிறிவிடும் என்பதால், அவ்வாறு செய்த அட்டையை நிழலில் வைப்பது நல்லது.

பசையும் பக்குவமும்

கடையில் விற்கும் குச்சிப்பசை மெல்லிய தாள்களுக்கு ஏற்றது. வெள்ளைப் பசை வலிமை மிக்கது. ஆனால், அதிலுள்ள நீர் மெல்லிய தாளைச் சுருங்கச் செய்யும். இரண்டும் இல்லாதபோது கோதுமை மாவு கைகொடுக்கும். ஒரு கரண்டி மாவை ஐந்து கரண்டி நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால், அது கெட்டியாகிப் பளபளப்பான பசையாகும். அடுப்பில் வேலை செய்யும்போது பெரியவர் ஒருவர் உடனிருப்பது அவசியம். இந்தப் பசை விரைவில் கெட்டுவிடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். அவசரத்துக்குச் சோற்றுப்பருக்கையைத் தேய்த்துக் கடித உறையை ஒட்டிய பழக்கம் முந்தைய தலைமுறையினரிடம் இருந்தது. சோற்றிலும் மாவிலும் உள்ள மாச்சத்தே தாளைப் பிடித்துக்கொள்கிறது.

எந்தப் பசையானாலும் மெல்லியதாகத் தடவ வேண்டும். ஒட்டிய அட்டையைத் தடித்த புத்தகங்களுக்கு அடியில் ஓரிரவு வைத்தால், அது சுருங்காமல் தட்டையாகக் காயும்.

குப்பைக்குப் போகும் தாள்கள்

நம் நாட்டில் ஆண்டு முழுதும் அழகிய தாள்கள் வீட்டுக்கு வந்த வண்ணம் உள்ளன. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி ஆகிய மூன்று பெருநாள்களிலும் கிடைக்கும் பணம் வைத்த உறைகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சிவப்பு, பச்சை, ஊதா எனப் பல நிறங்களில், பொன்னிறப் பூவேலையோடு அவை அச்சிடப்படுகின்றன. பணத்தை எடுத்த பிறகு அவை குப்பைக்குப் போகின்றன. சீனர்கள் தங்கள் அங்பாவ் உறைகளை மடித்து இணைத்து விளக்குக்கூண்டு செய்வதைப் பேரங்காடிகளிலும் பள்ளிகளிலும் காணலாம். அதே உறைகளை வெட்டினால், வாழ்த்தட்டைக்கு வேண்டிய பூக்களும் கரைகளும் கிடைக்கும்.

திருமண அழைப்பிதழ்களின் தாள் தடிப்பானது. அதன் எழுத்தில்லாத பக்கம் வாழ்த்தட்டையின் அடித்தளமாகும். பழைய நாள்காட்டியின் பெரிய தாளில் கடித உறை செய்யலாம். அஞ்சலில் வந்த உறை ஒன்றின் ஒட்டிய பகுதிகளைக் கவனமாகப் பிரித்து விரித்தால், அதுவே அளவுப்படி வெட்டுவதற்கு மாதிரியாக அமையும். ஒரு காலணிப் பெட்டியை ஒதுக்கி இத்தகைய தாள்களை நிறவாரியாகச் சேர்த்து வைத்தால், ஓராண்டில் கடைக்குப் போக வேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிடும்.

கருத்து எங்கிருந்து பிறக்கும்?

தாளும் கருவியும் தயாரான பிறகு, ‘என்ன செய்வது?’ என்னும் கேள்வி எழும். விடை, கண்முன்னே இருக்கிறது.

கிளந்தானின் ‘வாவ் பூலான்’ பட்டம் அவற்றுள் ஒன்று. 1989ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட 50 சென் நாணயத்தில் வாவ் பட்டத்தின் உருவம் பொறிக்கப்பட்டது. மூங்கில் சட்டத்தின்மேல் பளபளப்பான வண்ணத்தாள்களை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டி அதன் பூவேலையைச் செய்கின்றனர். கொடியும் மலரும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கத் தாளை மடித்து வெட்டும் முறையே உதவுகிறது. சீனர்களின் தாள்வெட்டுக் கலையிலும் இதே முறை உண்டு. சிவப்புத் தாளை மடித்துக் கத்தரித்துச் சன்னல்களில் ஒட்டும் அக்கலை, 2009ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

தமிழர் வீட்டு வாசலில் போடும் புள்ளிக் கோலமும் இத்தகையதே. கணிதப் பயிற்சிக்குப் பயன்படும் கட்டத்தாளில் புள்ளி வைத்துக் கோலத்தின் கால்பகுதியை மட்டும் வரைந்து, தாளை நான்காக மடித்து வெட்டினால், முழுக் கோலமும் விரியும். பாட்டியும் அம்மாவும் போடும் கோலங்களைக் குறிப்பேட்டில் படியெடுத்து வைப்பது, எந்த மாதிரி நூலுக்கும் குறையாத சேமிப்பாகும். பொது நூலகங்களில் கைவினை நூல்களையும் இலவசமாக இரவல் பெறலாம்.

குறைந்த கருவியோடு பெரும் பணி செய்தவர்களின் வாழ்வும் ஊக்கமளிக்கும். இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி டெலானி அம்மையார் 1772ஆம் ஆண்டு, தம் எழுபத்திரண்டாம் வயதில், வண்ணத்தாளை வெட்டி ஒட்டிப் பூக்களின் உருவங்களைச் செய்யத் தொடங்கினார். சிவப்புத் தாள் ஒன்றின் நிறம் ஒரு பூவிதழின் நிறத்தை ஒத்திருந்ததைக் கண்டதே அதற்குத் தூண்டுதல் என்பர். கறுப்புத் தாளின்மேல் நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளை ஒட்டி ஒவ்வொரு பூவையும் அமைத்தார். பார்வை மங்கும்வரை பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் படைப்புகளை உருவாக்கினார். அவை இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

ஜப்பானியரான அகிரா யோஷிசாவா (1911–2005) கத்தரிக்கோலைக்கூட நாடவில்லை. இயந்திரத் தொழிற்சாலையில் பணியாற்றியபோது, இளந்தொழிலாளர்களுக்கு வடிவகணிதத்தை விளக்கத் தாளை மடித்துக் காட்டினார். வறுமையில் வாடிய ஆண்டுகளிலும் அவர் தாள்மடிப்புக் கலையைக் கைவிடவில்லை. இன்று உலகெங்கும் தாள்மடிப்பு நூல்களில் காணப்படும் அம்புக்குறிகளும் விட்டு விட்டு வரும் கோடுகளும் அவர் வகுத்த குறியீட்டு முறையிலிருந்து வளர்ந்தவை.

எழுந்து நிற்கும் குத்துவிளக்கு

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, திறந்தால் குத்துவிளக்கு எழுந்து நிற்கும் தீபாவளி வாழ்த்தட்டை ஒன்றைச் செய்யலாம். இதற்கு ஒரு தடித்த ஏ4 தாள் போதும்.

1. ஏ4 தாளை நடுவில் வெட்டி இரண்டு ஏ5 தாள்களாக்க வேண்டும். ஒன்று உள்தாள்; மற்றொன்று வெளியட்டை. இரண்டையும் நடுவில் கீறி மடிக்க வேண்டும்.

2. உள்தாளை மடித்த நிலையில் வைத்து, மடிப்பு ஓரத்தின் நடுவில் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு நேர்க்கோடுகள் வரைய வேண்டும். ஒவ்வொரு கோடும் மடிப்பிலிருந்து உள்நோக்கி 3 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். இரு கோடுகளையும் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும்.

3. வெட்டிய நாடாப் பகுதியின் அடியில் மை தீர்ந்த பேனாவால் கீறி, அதை முன்னும் பின்னும் மடித்துப் பழக்க வேண்டும். பிறகு தாளைத் திறந்து, அந்தப் பகுதியை உட்பக்கமாகத் தள்ளினால் சிறு படி ஒன்று எழும்.

4. பண உறையின் பொன்னிறப் பகுதியில் குத்துவிளக்கின் உருவத்தை வெட்ட வேண்டும். அதன் உயரம் 7 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது. மடித்த அட்டையின் அகலம் 10.5 சென்டிமீட்டர். படியின் 3 சென்டிமீட்டரும் விளக்கின் 7 சென்டிமீட்டரும் சேர்ந்தால் 10. இதற்கு மேல் போனால், அட்டையை மூடும்போது விளக்கின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

5. மடிப்புக் கோடு கிடையாக இருக்குமாறு அட்டையைப் பாதி திறந்து வைத்து, படியின் முன்முகத்தில் மட்டும் பசை தடவி விளக்கை ஒட்ட வேண்டும். பசை அடித்தாளில் பட்டால் அட்டை திறக்காது.

6. கடைசியாக, வெளியட்டையின் உட்பக்கத்தில் உள்தாளை ஒட்ட வேண்டும். படியின் பின்புறத்தில் பசை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது வெட்டிய துளை வெளியே தெரியாது.

முதல் முறை கோடு சற்றே கோணலாகலாம், விளக்கு சாயலாம். அதனால்தான் கைவினைஞர்கள் முதலில் பயன்படுத்திய தாளில் மாதிரி செய்து பார்த்த பிறகே நல்ல தாளில் கை வைக்கின்றனர்.

அட்டை முடிந்த பிறகும் ஒரு வேலை எஞ்சியிருக்கும். அதனுள் என்ன எழுதுவது? அச்சிட்ட வாசகங்களைப் படியெடுப்பதைவிட, பெறுபவரைப் பற்றிய ஒரு நினைவைச் சொந்த வரியில் எழுதுவது சிறந்தது. ‘பாட்டி, சென்ற தீபாவளிக்கு நீங்கள் சுட்ட முறுக்கின் வாசம் இன்னும் நினைவிருக்கிறது’ என்னும் ஒரு வரி, விளக்கின் பொன்னிறத்தைவிட அதிகமாக ஒளிரும். எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காதது அந்த வரியே. அதைத் தாங்கி நிற்கத்தான் தாளும் பசையும் கத்தரிக்கோலும்.

அருஞ்சொற்பொருள்

சாமானியர் – எளிய நிலையில் வாழும் மக்கள்
நார் ஓட்டம் – தாளிலுள்ள நார்கள் படிந்திருக்கும் திசை
வார்ப்புரு – ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பெற உதவும் மாதிரி
மாச்சத்து – தானியங்களிலும் கிழங்குகளிலும் உள்ள சத்து
நாடவில்லை – விரும்பித் தேடவில்லை

கருத்துணர் வினாக்கள்

1. வாழ்த்தட்டை செய்ய விரும்பும் மாணவர் சிலர் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பக் காரணம் என்ன?
2. 1843ஆம் ஆண்டு வெளிவந்த வாழ்த்தட்டை எளியோருக்கு எட்டாத விலையில் இருந்தது என்பதை எவ்வாறு அறியலாம்?
3. தாளின் நார் ஓட்டத்தைக் கண்டறியும் இரண்டு வழிகளை எழுதுக.
4. வாவ் பட்டம், தாள்வெட்டுக் கலை, புள்ளிக் கோலம் ஆகிய மூன்றுக்கும் உள்ள ஒற்றுமை யாது?
5. எழுந்து நிற்கும் விளக்கின் உயரம் 7 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது என்பதன் காரணத்தை விளக்குக. வெட்டின் நீளம் 4 சென்டிமீட்டரானால் விளக்கு எவ்வளவு உயரம் இருக்கலாம்?
6. ‘எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காதது அந்த வரியே.’ இக்கூற்றைப் பற்றிய உமது கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

செயற்பாடு

வீட்டில் குப்பைக்குப் போகவிருக்கும் தாள்களை ஒரு வாரம் சேகரித்து, நீர் நன்றி கூற விரும்பும் ஒருவருக்கு வாழ்த்தட்டை ஒன்றைச் செய்க. அதனுள் அவரைப் பற்றிய ஒரு நினைவை இரண்டு வரிகளில் எழுதி அவரிடம் சேர்ப்பிக்க.